சிறிய சொகுசு எஸ்யூவியா, பெரிய குடும்ப எஸ்யூவியா?

இந்தியாவில் உயர்நிலை டொயோட்டா ஃபார்ச்சூனரின் விலைக்கு அருகிலேயே பிஎம்டபிள்யூ எக்ஸ்1-உம் கிடைப்பதால், இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுவோர் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது வரிசை இருக்கையைத்தான். ஃபார்ச்சூனரில் ஏழு பேர் அமரலாம் என்றாலும், அவ்வரிசையின் தளம் உயரமாக இருப்பதால் பெரியவர்கள் முழங்காலை மடக்கியே அமர நேரும். அதை விரித்துவிட்டால் பெட்டிகளுக்கான இடமும் வெகுவாகக் குறையும். ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே ஏழு பேர் பயணிப்பதாயின், அந்த நாட்களுக்கு வாடகை வண்டியே சிக்கனம் என்பது என் கருத்து.

ஓட்டும் தன்மையும் வேறுபடும். ஏணிச்சட்டத்தின் (உடலைத் தாங்கும், ஏணி வடிவிலான தனி உலோகச் சட்டம்) மீது அமைந்த ஃபார்ச்சூனர் கரடுமுரடான பாதைக்கும் சுமை இழுப்பதற்கும் ஏற்றது. ஆனால் வளைவுகளில் அதன் உடல் சாயும், நகரச் சாலையின் சிறு மேடுபள்ளங்களிலும் குலுங்கும். ஒற்றைக்கூடாக, அதாவது உடலும் சட்டமும் ஒரே கட்டமைப்பாக அமைந்த எக்ஸ்1 நெடுஞ்சாலையில் ஆட்டமின்றி நிலையாகச் செல்லும்.

ஃபார்ச்சூனரின் நீளம் சுமார் 4.8 மீட்டர், எக்ஸ்1-இன் நீளம் சுமார் 4.5 மீட்டர். ஆகவே வீட்டு நிறுத்துமிடத்தை, கதவு திறக்கும் இடைவெளியையும் சேர்த்து அளந்தபின், குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிச் சோதனை ஓட்டம் செல்லுங்கள்.