இங்கிலீஷில் கோல் வந்தால்: மரியாதையை எங்கே வைப்பது?

புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடவைக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் கிழமை. முதலாளி இல்லாத நேரம் இங்கிலீஷில் ஒரு கோல் வந்தது. கதைப்பவர் யாரென்று தெரியவில்லை. 'நீங்கள் யார்?' என்று மனதுக்குள் தமிழில் அடுக்கி, மிகவும் பணிவாக "ஹூ ஆர் யூ?" என்று கேட்டேன். மறுபக்கம் லைன் வெட்டுப்பட்டது. பின்னேரம் முதலாளி வந்து கேட்டார்: "தம்பி, எங்கட பழைய கஸ்டமரைப் பிடிச்சு 'ஆரடா நீ' எண்டு கேட்டனீராம்?"

நான் கேட்டது 'நீங்கள்'. அவருக்குக் கேட்டது 'நீ'. இங்கிலீஷில் 'யூ' ஒன்றுதான். அதற்குள் மரியாதை இல்லை. தமிழில் 'சொல்லுங்கோ', 'இருங்கோ' என்று சொல்லின் வாலில் மரியாதையைக் கட்டிவிடுகிறோம். இங்கிலீஷ்காரர் அதை வசனத்தின் தலையில் வைக்கிறார்: குட், மே, வுட். முகம் தெரியாத போனில் புன்னகையும் கைகொடாது, இந்தத் தலைச்சொல்தான் கைகொடுக்கும். கீழே வரும் படிகளில் பாதி இதுவேதான்.

இங்கிலீஷ் வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நானும் சீஆர் கொப்பியில் இப்படி எழுதித்தான் படித்தேன். ஒரு தொல்லை மட்டும் உண்டு. 'குட் மோர்னிங்'கில் வரும் குட்டுக்குச் 'சங்கு' என்பதில் வரும் கு. உதவி கேட்கும் 'குட் யூ'வுக்குக் 'குடம்' என்பதில் வரும் கு. எழுத்து ஒன்று, சத்தம் வேறு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: பெயரைச் சொல்லுங்கள்

நீங்கள் எடுத்த கோல் என்றால், மற்றவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். "ஹலோ, குட் மோர்னிங். திஸ் இஸ் ரவி, கோலிங் ஃப்ரம் கொட்டாஞ்சேனை." நேரில் 'ஐ ஆம் ரவி' சரி, போனில் 'திஸ் இஸ் ரவி'. இரவு 7 மணிக்குக் கோல் எடுத்தாலும் "குட் ஈவினிங்"தான். 'குட் நைட்' என்று தொடங்கினால் விடைபெறுகிறீர்கள் என்று அர்த்தம்.

உங்களுக்கு வந்த கோலில் யாரென்று கேட்க, என்னைப் போல் மாட்டிக்கொள்ளாமல், "மே ஐ நோ ஹூஸ் கோலிங், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். உங்களையே தேடினால் "ஸ்பீக்கிங்" என்ற ஒரு சொல் போதும். 'நான்தான் கதைக்கிறேன்' என்று பொருள்.

(ஹலோவும் சும்மா வந்துவிடவில்லை. 1876-இல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்ற கிரஹாம் பெல், கப்பல்காரர் கூப்பிடுவது போல 'அஹோய்' என்று தொடங்கவே விரும்பினார். ஹலோவைப் பிடித்துக்கொண்டவர் எடிசன். பெல்லின் விருப்பம் நடந்திருந்தால் வெள்ளவத்தைச் சந்தையில் இன்றைக்கு எல்லோரும் அஹோய், அஹோய்!)

இரண்டாம் படி: யார் வேண்டும், என்ன விஷயம்

"குட் ஐ ஸ்பீக் டு மிஸ்டர் பெரேரா, ப்ளீஸ்?" உடனேயே விஷயத்தையும் சொல்லுங்கள்: "ஐ'ம் கோலிங் அபௌட் த இன்வொய்ஸ்." நாங்கள் சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவோம். ஒபிஸ் கோலில் அது மற்றவரின் பொறுமையைச் சோதிக்கும்.

சிநேகிதருக்கு இந்த மரியாதையெல்லாம் போட்டால் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். "ஹாய் மச்சான், ஃப்ரீ டு டோக்?" போதும். மச்சான் என்ற சொல்லுக்குக் கொழும்பில் மூன்று மொழியிலும் இடமிருக்கிறது. ஆனால் மனேஜருக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: காக்க வைப்பதும் விளங்காததும்

'இருங்கோ' என்பதை 'வெயிட்' என்று சொன்னால் அதட்டல். "குட் யூ ஹோல்ட் ஒன் எ மொமென்ட், ப்ளீஸ்?" என்பது இதமான கேள்வி. வேறு பகுதிக்கு மாற்றிவிட: "ஐ'ல் புட் யூ த்ரூ டு அக்கவுண்ட்ஸ்." தேடும் ஆள் இல்லையென்றால் எங்கள் ஒபிஸ்களில் 'சேர் இஸ் நொட் இன் த சீட்' என்பார்கள். கொழும்பில் விளங்கும், வெளிநாட்டு ஆளுக்குக் கதிரைதான் கண்முன் வரும். "ஹீஸ் நொட் அட் ஹிஸ் டெஸ்க்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

விளங்காவிட்டால் 'வொட்?' வேண்டாம். "ஸொரி, ஐ டிட்ன்ட் கெட்ச் தட்." அல்லது "குட் யூ ஸே தட் அகெய்ன், எ பிட் மோர் ஸ்லோலி?" சத்தம் விட்டுவிட்டு வந்தால் "யூ ஆர் பிரேக்கிங் அப்." மூன்று தரம் கேட்டாலும் குறைவில்லை. விளங்காமலே 'யெஸ், யெஸ்' என்பதுதான் ஆபத்து. அதற்கு நான் காசு கட்டியவன்.

நான்காம் படி: இலக்கமும் எழுத்தும்

ஒருவர் சாரம் 15 கட்டுக் கேட்டார். எனக்கு 50 என்று கேட்டது. 'யெஸ், யெஸ்' என்று எழுதி லொறியில் ஏற்றி அனுப்பினோம். 35 கட்டு திரும்பி வந்தது. லொறிக் கூலி என் சம்பளத்தில் கழிந்தது.

'ஃபிஃப்டீன்' என்னும்போது அழுத்தம் கடைசியில் விழும், 'டீ...ன்' என்று நீளும். 'ஃபிஃப்டி'க்கு அழுத்தம் முதலில், வால் குறுகிவிடும். காதை மட்டும் நம்பாமல் பிரித்துக் கேளுங்கள்: "ஃபிஃப்டீன்? வன், ஃபைவ்?" 13-30, 14-40 எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். 'கொழும்பு 13' என்றால் ஆபத்தில்லை, ஏனென்றால் கொழும்பின் தபால் வட்டாரங்கள் 15-உடன் முடிகின்றன. கொழும்பு 30 என்று ஒன்று கிடையாது. வீட்டு இலக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எங்கள் போன் நம்பர்களில் 10 இலக்கம். கொழும்பு லைன் 011 என்றும் கைபேசி 07 என்றும் தொடங்கும். ஒரே மூச்சில் ஒப்புவிக்காமல் மூன்று, மூன்று, நாலு என்று நிறுத்திச் சொல்லுங்கள். 77 வந்தால் "டபிள் செவன்" எங்களூரில் செல்லும். அமெரிக்கக் காதுக்கு "செவன், செவன்" தான் பழக்கம். மற்றவர் சொன்னதை எழுதியதும், "லெட் மீ ரீட் தட் பேக் டு யூ" என்று திருப்பி வாசியுங்கள்.

அடையாள அட்டை இலக்கம் கேட்டால்? புதிய அட்டையில் 12 இலக்கம், வாசித்தால் சரி. பழையதில் 9 இலக்கமும் கடைசியில் பெரும்பாலும் 'வி' எழுத்தும் இருக்கும். அந்த 'வி' போனில் பி, டி, ஈ என்று எதுவாகவும் கேட்கும். "வி ஃபோர் விக்டர்" என்று சொல்லுங்கள். விமானிகள் 1956 முதல் பாவிக்கும் அட்டவணைச் சொல் அது. முழு அட்டவணையையும் பாடமாக்கத் தேவையில்லை. உங்கள் பெயரில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் தயார் செய்யுங்கள். சிவலிங்கம், நவரத்தினம் போன்ற பெயர்க்காரருக்கு முக்கியமாக வேண்டியவை "எம் ஃபோர் மைக்", "என் ஃபோர் நவம்பர்".

ஐந்தாம் படி: செய்தி

"வுட் யூ லைக் டு லீவ் எ மெசேஜ்?" என்பது கோலுக்குப் பதில் சொல்பவர் கேட்பது. "குட் யூ ஆஸ்க் ஹிம் டு கோல் மீ பேக்?" என்பது அழைத்தவர் கேட்பது. சிநேகிதர் வீடு என்றால் "டெல் ஹிம் ஐ கோல்ட்" போதும்.

ஆறாம் படி: வைப்பது

'சரி, வைக்கிறன்' என்பதை 'ஐ'ம் கீப்பிங்' என்று சொல்ல முடியாது. எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். 'போட்டு வாறன்' என்பதும் அப்படித்தான். 'போறன்' என்றால் அபசகுனம் என்று நாங்கள்தான் பயப்படுகிறோம். "தேங்க் யூ ஃபோர் யுவர் டைம். குட்பை." சிநேகிதருக்கு "ஓகே, டோக் லேட்டர், பாய்." லைன் தானாக வெட்டுப்பட்டால் திரும்ப எடுத்து "ஸொரி, வீ கொட் கட் ஒஃப்" என்று தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் மல்லுக்கட்டவும் வேண்டாம். அரசாங்கத் தகவலுக்கு 1919 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். மூச்சை தனியார் கொம்பனிகளுக்கு மிச்சம் பிடியுங்கள்.

பழகும்போது எதிரெதிரே இருந்து பழகாதீர்கள். முகத்தைப் பார்த்தே பாதியை ஊகித்துவிடுவோம். ஒருவர் ஹோலில், மற்றவர் அறையில். நானும் அக்காவின் மகளும் வெள்ளவத்தை வீட்டில், கடற்கரைப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பழகினோம். நடுவில் ரயில் போகும். அப்போது "ஸொரி, ஐ டிட்ன்ட் கெட்ச் தட்" என்பதை நடிக்கத் தேவையிருக்காது.