வாட்ஸ்அப் குழுவில் வெண்பா பழகுவது எப்படி: ஈற்றடி, வாய்ஸ் நோட், பதில்

என் முதல் வெண்பாவை இருநூறு பேர் இருந்த ஒரு குழுவில் போட்டேன். மறுநாள் காலை வரை வந்தது ஒரே ஒரு பதில்: "தளை தட்டுகிறது." அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் இடம் விதிப்படி இல்லை. எந்த இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. நான்கு முறை அசை பிரித்துப் பார்த்தேன், நான்கு முறையும் சரியாகவே வந்தது. அதன் பிறகு ஆறு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை.

எங்கே தட்டியது என்று பின்னால் ஒருவர் காட்டினார். அதை வைத்துத்தான் இப்போது பதினொரு பேர் உள்ள எங்கள் சின்னக் குழுவை நடத்துகிறோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதையே தட்டச்சு செய்து அனுப்புவதால், மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அசை பிரிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேர், நிரை என்ற அசைகள் சேர்ந்தால் சீர், சீர்கள் சேர்ந்தால் அடி. மறந்திருந்தால் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தின் யாப்புப் பகுதியை ஒரு மாலை புரட்டினால் போதும்.

படி 1: ஆட்களும் அமைப்பும்

ஐந்து பேர் இருந்தால் தொடங்கலாம். பதினைந்துக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருகினால் பாட்டுக்குப் பதில் எழுதுகிறவர்கள் குறைந்துபோகிறார்கள், காலை வணக்கப் படங்கள் கூடிவிடுகின்றன.

குழு அமைத்ததும் "மறையும் செய்திகள்" அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் குழுவில் அது 90 நாள் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. தொடக்கத்தில் எழுதிய பாட்டுகள் போனது போனதுதான். இப்போது ஒருவர் வாராவாரம் எல்லாப் பாட்டையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறார்.

நேரம்: இந்திய நேரப்படி சனி இரவு 8 மணிக்கு ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடி, கொடுப்போம். சிங்கப்பூரில் அப்போது 10.30, டொராண்டோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. அடுத்த வெள்ளி வரை எழுதலாம்.

படி 2: ஈற்றடி கொடுப்பது

வெற்றுத் தாளை நீட்டி "எதையாவது எழுதுங்கள்" என்றால் புதியவர் எழுதமாட்டார். கடைசி அடியைக் கொடுத்துவிட்டால் பாதிப் பாட்டு கையில் இருக்கிறது. காளமேகப் புலவரைச் சோதிக்க இப்படி ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன கதைகள் எத்தனையோ உண்டு. எங்களுக்குச் சோதனை வேண்டாம். கைப்பிடிச் சுவராக அது இருந்தால் போதும்.

நான்கடி நேரிசை வெண்பாவில் தொடங்காதீர்கள். இரண்டே அடி உள்ள குறள் வெண்பா போதும். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஈற்றடி கொடுத்துவிட்டால் புதியவர் எழுத வேண்டியது நான்கே சீர்.

எங்கள் முதல் ஈற்றடி:

மாடியில் பெய்யும் மழை

மாடியில் (கூவிளம்), பெய்யும் (தேமா), மழை (மலர்). அடைப்புக்குள் இருப்பது வாய்பாடு, அதாவது சீரின் அசை அமைப்புக்கு உள்ள பெயர். நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் வெண்பா முடிய வேண்டும், இது மலரில் முடிகிறது. கொடுக்கிற ஈற்றடி அன்றாடத்தில் எல்லோரும் பார்க்கிற பொருளாக இருக்கட்டும். ஒருமுறை "ஞானத்தின்" என்று தொடங்கும் ஈற்றடி கொடுத்தோம், இரண்டு பேர்தான் எழுதினார்கள்.

படி 3: நான்கு சீரை எழுதுவது

விதி சின்னது: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஒரு சீரின் வாய்பாடு மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும், விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரசையில் தொடங்க வேண்டும். கனிச்சீர் வரவே கூடாது. முதலடியின் இரண்டாம் எழுத்து ஈற்றடியின் இரண்டாம் எழுத்தோடு ஒத்தால் எதுகை. இங்கே அது "டி". வாடி, தேடி, ஓடி, கூடி என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். எதுகையில் தொடங்கி எழுதுவதுதான் எளிது.

அடி முடிந்தால் தளை முடிவதில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். முதலடியின் நான்காம் சீருக்கும் ஈற்றடியின் முதற் சீருக்கும் இடையிலும் தளை பார்க்க வேண்டும். "மாடியில்" நேரசையில் தொடங்குவதால், அதற்கு முந்தைய சீர் விளமாகவோ காயாகவோ இருந்தாக வேண்டும்.

படி 4: சேர்த்து வாசிப்பது

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த ஈற்றடிக்கு நான் எழுதியது:

வாடிய முல்லை மலர்ந்து இருக்கிறது
மாடியில் பெய்யும் மழை

பிரித்துப் பாருங்கள். வாடிய (கூவிளம்), அடுத்து முல்லை (தேமா): விளமுன் நேர், சரி. முல்லை, மலர்ந்து (புளிமா): மாமுன் நிரை, சரி. மலர்ந்து, இருக்கிறது (கருவிளங்காய்): மாமுன் நிரை, சரி. இருக்கிறது, மாடியில்: காய்முன் நேர், அதுவும் சரி. தாளில் ஒரு குறையும் இல்லை.

குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது டொராண்டோவில் இருக்கிறார். அவர் பிழை என்று எதுவும் எழுதவில்லை. என் பாட்டைத் தன் குரலில் வாசித்து வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். "வாடிய முல்லை மலர்ந்திருக்கிறது" என்று இயல்பாக வாசித்தார். கேட்டதும் தெரிந்துவிட்டது. அடியில் மூன்றே சீர்தான் இருக்கிறது! "மலர்ந்து" என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது ஓடிவிடும். நாம் இடம் விட்டு எழுதினாலும் வாய் இடம் விடாது. "மலர்ந் திருக்கிறது" என்று வெட்டலாமே என்றால், "மலர்ந்" வெறும் நிரையசை. ஓரசைச்சீருக்கு வெண்பாவின் கடைசியில்தான் இடம், நடுவில் இல்லை.

முதல் குழுவில் "தளை தட்டுகிறது" என்று எனக்குச் சொன்னவர் சுட்டியதும் இதே பிழையைத்தான். அன்றைக்கு என் பாட்டில் இருந்தது "நினைத்து அழுதேன்". அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

அக்காவின் குரலைக் கேட்ட பிறகு இரவு முழுக்க மாற்றி மாற்றி எழுதியதில் நின்றது இது:

வாடிய முல்லைக்கு வாயெல்லாம் புன்சிரிப்பு
மாடியில் பெய்யும் மழை

பிழையைத் திருத்தப் போன இடத்தில்தான் முல்லைக்கு வாய் முளைத்தது. முன்பு இருந்த "மலர்ந்து இருக்கிறது" வெறும் தகவல். வா, வா என்று மோனையும் தானாக வந்து சேர்ந்தது.

ஆகவே போடுவதற்கு முன் உகரத்தில் முடியும் ஒவ்வொரு சொல்லையும் தேடுங்கள். அடுத்த சொல் உயிரில் தொடங்குகிறதா? சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு அசை பிரியுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 5: கருவிகள்

யாப்பு பார்க்க "அவலோகிதம்" என்ற இணையக் கருவி இருக்கிறது. பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். அகத்தியர் அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் தமிழ் கற்றார் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறது, பெயர் அந்த வழியில் வந்தது. நல்ல கருவி, ஆனால் கையால் பிரித்த பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நாம் இடம் விட்டதைத்தான் அது சீர் என்று எடுத்துக்கொள்ளும். "மலர்ந்து இருக்கிறது" என்று இடம் விட்டுக் கொடுத்தால் இரண்டு சீர்தான். வாய் செய்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

தட்டச்சுக்கு நான் தமிழ்99 விசைப்பலகையின் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. ஒற்று விட்டுப்போவது அதிலிருந்து பாதியாகக் குறைந்தது. போனில் சொல் பரிந்துரையை அணைத்துவிடுங்கள், நமக்குத் தெரியாமலேயே "கூப்பிடுது" "கூப்பிடுகிறது" ஆகிவிடும், ஓர் அசை கூடிப்போகும்.

பாட்டை எழுத்தாக மட்டும் அனுப்புங்கள். ரோஜாப் படத்தின் மேல் பொறித்து அனுப்பினால் ஒரு சீரை எடுத்துக் காட்டிப் பதில் எழுத முடியாது, பின்னால் தேடவும் முடியாது. எங்கள் குழுவில் கண் பார்வையற்ற நண்பர் ஒருவர் உண்டு, திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறார். படத்தில் போட்ட பாட்டு அவருக்கு வெற்றிடம்.

படி 6: அடுத்தவர் பாட்டுக்குப் பதில்

ஒருவர் பாட்டுப் போட்டால் ஒரு நாளுக்குள் யாராவது ஒருவர் அதை வாசித்து வாய்ஸ் நோட் அனுப்ப வேண்டும். எங்கள் குழுவில் கட்டாயம் என்று இருப்பது இது ஒன்றுதான். தன் வரி இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்கும் சந்தோஷத்துக்குக் கைதட்டும் ஸ்டிக்கர் ஈடாகாது. பிழை இருந்தால் வாசிப்பவர் தடுக்கும் இடத்தில் எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

பிறகு எழுத்தில் இரண்டு விஷயம். முதலாவது, எந்தச் சொல் பிடித்தது, ஏன். "அருமை", "சூப்பர்" போதாது. இரண்டாவது, பிழை இருந்தால் எந்தச் சீருக்கும் எந்தச் சீருக்கும் இடையில் என்பது. சென்ற மாதம் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி இப்படி எழுதினார்:

ஓடி வந்து துணியை எடுத்தாள்
மாடியில் பெய்யும் மழை

அவருக்குப் போன பதில்: "மழையில் துணி எடுக்க ஓடுவதை இதுவரை இங்கே யாரும் எழுதவில்லை, அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். முதல் சீருக்கும் இரண்டாம் சீருக்கும் நடுவில் மாமுன் நேர் வந்திருக்கிறது. எடுத்தாள், மாடியில் என்று அடி மாறும் இடத்திலும் அதேதான்." மூன்றாம் நாள் அவரே கொண்டுவந்தார்:

ஓடி எடுத்த துணியிலும் கொஞ்சமீரம்
மாடியில் பெய்யும் மழை

அன்று குழுவில் ஏழு பேர் இதை வாசித்து அனுப்பினார்கள். ஏழு விதமாக இருந்தது.

தளை சரியாக இருந்தும் பாட்டு சோர்ந்திருப்பது உண்டு. அதற்குப் பதில் சொல்வது கடினம். ஒருவர் எழுதினார்:

கூடிக் களித்திடவே கூப்பிட்டு நிற்கிறது
மாடியில் பெய்யும் மழை

இலக்கணப்படி குற்றம் இல்லை. ஆனால் "களித்திடவே" சீரை நிரப்ப வந்த சொல். நிரப்பும் சொல்லைக் கண்டுபிடிக்க எங்கள் கேள்வி: "இதை உங்கள் வீட்டில் யாராவது பேச்சில் சொல்வார்களா?" அவர் யோசித்துவிட்டு மாற்றினார்:

கூடி நனைவோமா கொஞ்சமெனக் கூப்பிடுது
மாடியில் பெய்யும் மழை

திருத்தத்தை நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் பாட்டு நம்முடையதாகிவிடும், அவர் அடுத்த வாரம் எழுதமாட்டார். இடத்தைக் காட்டி, கேள்வி கேட்டு, காத்திருங்கள். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தும் வசதி இருக்கிறது, அதையும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். திருத்தியதைப் புதிதாகப் போடுங்கள். பழையதும் புதியதும் அடுத்தடுத்து இருந்தால்தான் பின்னால் வருபவர் கற்றுக்கொள்வார்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்த ஒருவர் கேட்டார்: உகரத்துக்கு மட்டும்தானா இந்தச் சிக்கல்? நல்ல கேள்வி, நான் எழுத விட்டுவிட்டேன். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிர் வந்தாலும் இதேதான். "கொஞ்சம் ஈரம்" என்று பிரித்தால் தேமாவுக்குப் பின் நேர், தளை தட்டும். "கொஞ்சமீரம்" என்று சேர்த்தால் கூவிளங்காய், ஒரே சீர். மாணவியின் பாட்டில் அப்படித்தான் சரியானது. ஆனால் "ஓடி எடுத்த" போன்ற இடத்தில் பயம் வேண்டாம். அங்கே நடுவில் யகரம் வந்து "ஓடி யெடுத்த" ஆகும், அசை மாறாது.

பின்சேர்க்கை 2

சீர்களை எண்ணிக் காட்ட வரியின் தொடக்கத்தில் சிறு கோடு போட்டால் வாட்ஸ்அப் அதைப் புள்ளிப் பட்டியலாக்குகிறது, உடுக்குறிகளுக்கு (*) நடுவே எழுதினால் எழுத்து தடித்துவிடுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அசை பிரித்துக் காட்ட சாய்கோடு போடுங்கள்: வா/டிய முல்/லைக்/கு. எந்த மாற்றமும் ஆகாமல் அப்படியே போகும்.

பின்சேர்க்கை 3

குழு இல்லாதவர்கள் எழுதிப் பார்க்க ஓர் ஈற்றடி கேட்டீர்கள். இந்தாருங்கள்:

கதவோரம் நிற்கும் செருப்பு

இது பிறப்பு வாய்பாட்டில் முடிகிறது. "கதவோரம்" நிரையில் தொடங்குகிறது, ஆகவே உங்கள் முதலடியின் நான்காம் சீர் மாச்சீராக இருக்க வேண்டும். எதுகை "த", அதற்கு முன்னால் குறில். எழுதியதைக் கீழே போடுங்கள். ஞாயிறு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்து, குரலைப் பதிவு செய்து இங்கேயே ஏற்றுகிறேன்.