பழைய கார் வாங்கியாச்சு, முதல் மாதம் என்ன செய்வது?

முதன்முதலாகப் பழைய கார் வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்த அன்றே சீட் கவர், ஸ்பீக்கர் என்று கிளம்பிவிடுவார்கள். நானும் அந்த ஜாதிதான். வாங்கிய மறுநாளே கால் மிதிக்கும் மேட் புதிதாகப் போட்டேன். மூன்றாவது வாரம் பேனட்டிலிருந்து ஆவி பறக்க நடுரோட்டில் வண்டி நின்றது. உள்ளே மேட் மட்டும் பளபளவென்று இருந்தது.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாய், அதாவது ரேடியேட்டர் ஹோஸ், கிழிந்திருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் பேனட்டையே திறக்கவில்லை. "எல்லாம் இப்பத்தான் பார்த்தேன், மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு "இப்பத்தான்" என்பது எந்த வருஷமோ, யார் கண்டது.

அதனால் என் கட்சி இதுதான்: பில் இல்லாத சர்வீஸ், நடக்காத சர்வீஸ். வண்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கைப் புதிதாக ஆரம்பியுங்கள்.

1. ஒரு நோட்டு, ஒரு மேனுவல்

நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் ஓடோமீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் எழுதுங்கள். இனி எதை மாற்றினாலும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் மூன்றும் அதில் ஏற வேண்டும். காரோடு வந்த மேனுவல் இல்லையென்றால் அந்த மாடல், அந்த வருடத்துக்கு உரியதை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஆயில், எவ்வளவு காற்று, எப்போது பெல்ட் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பதிவும் காப்பீடும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்பதையும் இந்த வாரமே பார்த்து முடித்துவிடுங்கள்.

2. சாவியைப் பாதி திருகுங்கள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருகுங்கள். டேஷ்போர்டில் ஆயில், பேட்டரி, இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ். என்று வரிசையாக விளக்குகள் எரியும். காரில் உள்ள ஒவ்வொன்றும் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும்.

அணையாமல் நின்றால் கோளாறு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் எரியவே இல்லையென்றால்? அது இன்னும் மோசம். கோளாறைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு பல்பைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள், விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் விளக்கு எரியாத காரில் ஏதோ ஒன்றை உங்களிடம் மறைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் உதவும். போனோடு இணைத்தால் கோளாறு எண்ணைக் காட்டும். பி0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆனால் அந்த எண் கோளாறு தெரிந்த இடத்தைத்தான் சொல்லும். கன்வெர்ட்டரைக் காட்டும் எண்ணுக்குப் பின்னால் ஒரு கெட்டுப்போன சென்சார் மட்டுமே இருக்கலாம். எண்ணைப் பார்த்த வேகத்தில் பாகம் வாங்க ஓடாதீர்கள்.

3. ராத்திரி அட்டை விரியுங்கள்

பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, நிறுத்திய காரின் முன்பகுதிக்குக் கீழே விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. வடித்தது, கவலை வேண்டாம். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியரின் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் இருந்து லேசான இனிப்பு வாசம் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். அது விஷம். குழந்தையோ நாயோ வாய் வைக்காமல் உடனே துடைத்துவிடுங்கள்.

சக்கரத்தின் உள்பக்கம் வழவழவென்று இளமஞ்சளாக ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பழைய கார் ராத்திரிக்கு ஒரு சொட்டு ஆயில் விடுவது பெரிய குற்றமில்லை. அட்டையில் அந்த இடத்தை வட்டமிட்டுத் தேதி போடுங்கள். அடுத்த வாரம் இதே சோதனையில் வட்டத்தைத் தாண்டி ஈரம் பரவியிருந்தால்தான் பேச்சு.

4. பேனட்டைத் திறங்கள்

*இன்ஜின் ஆயில்.* வண்டி சமதரையில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். பல கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான் வித்தியாசம், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். மேல் குறியைத் தாண்டினால் இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காப்பாற்றாது.

கறுத்த ஆயிலைக் கண்டு பயப்பட வேண்டாம், டீசல் இன்ஜினில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டியது மோர் மாதிரி வெளுத்த ஆயிலுக்கு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் படலம் இருந்தால் குளிரில் குறைந்த தூரமே ஓடிய வண்டியில் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே அப்படி இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது. ஆயிலும் கூலண்டும் கலக்காமல் இன்ஜினுக்குள் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு. எதுவாக இருந்தாலும் ஆயிலையும் ஃபில்டரையும் முதல் வாரமே மாற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

*கூலண்ட்.* இன்ஜின் ஆறிய பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம் அது. மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பின் நிறத்தைப் பாருங்கள். செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தால் யாரோ வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துரு. அதைக் கழுவிவிட்டு மேனுவல் சொல்லும் கூலண்டை நிரப்பச் சொல்லுங்கள். அப்படியே ஹோஸ்களையும் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி மீண்டும் எழும். மொறமொறவென்று நொறுங்கினாலோ, கொழகொழவென்று உப்பியிருந்தாலோ மாற்றுங்கள்.

*பிரேக் ஆயில்.* காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இதன் குணம். புதிய டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்துக்கு உள்ள குறைந்தபட்ச அளவு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அது கொதித்துக் குமிழி விட்டால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாதா? இப்போதே மாற்றுங்கள். டப்பாவில் அளவு மெதுவாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கும். மேலே ஊற்றி அளவைச் சரிக்கட்டாமல் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. டயரின் வயது

பட்டன், அதாவது தரையைத் தொடும் பக்கத்தின் வெட்டு, ஆழமாக இருக்கிறது என்று டயரை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு வயதைத் தாண்டிவிட்டால் வருடம் தவறாமல் ஒரு டயர்காரரிடம் காட்டுங்கள், பத்து வயது என்றால் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வயதைக் கூடக் கேட்க வேண்டாம். எந்த அளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் அல்ல, காலையில் ஆறிய டயரில் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

6. டைமிங் பெல்ட்

இந்த ஒரு கேள்விக்காக மேனுவலை இன்று இரவே திறங்கள்: உங்கள் இன்ஜினில் பெல்ட்டா, செயினா?

பெல்ட் என்றால் அது ரப்பர். பல கார்களில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அது. கொஞ்சமே ஓடிய பழைய கார் என்று மகிழ்ந்து வாங்குகிறவர்கள் சறுக்குவது இந்த வருடக் கணக்கில்தான். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது.

அறுந்தால் என்ன ஆகும்? பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வேறுவேறு நேரத்தில் வந்து போகின்றன. அந்த நேரத்தைப் பிசகாமல் காப்பது பெல்ட். அது அறுந்த மறுகணம் பிஸ்டன் வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். முன்கூட்டியே சத்தமோ விளக்கோ பெரும்பாலும் வராது. மலிவான காரில் அந்த ரிப்பேர் காரின் விலையையே எட்டிவிடும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றுங்கள். பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுழற்றும் இன்ஜின் என்றால் பம்பையும் கூடவே. இரண்டுக்கும் பிரிக்கிற வேலை ஒன்றுதான்.

செயின் என்றால் இந்தக் கவலை குறைவு. ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயினும் தொய்யும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி கலகலவென்று சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

7. பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 14ஐ ஒட்டி இருக்கும். அது ஏறாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

8. மெக்கானிக்கிடம் போகும்போது

இவ்வளவையும் பார்த்து முடித்தால் நோட்டில் பதினைந்து குறையாவது சேர்ந்திருக்கும். மலைக்காதீர்கள். வண்டி நிற்பது, திரும்புவது, எதிரில் வருவது தெரிவது, அதாவது பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, வைப்பர் முதலில். இன்ஜினையே கொல்லக்கூடிய ஆயில், கூலண்ட், பெல்ட் அதற்கடுத்து. ஏ.சி., பெயின்ட், கிறீச்சிடும் கதவு எல்லாம் அடுத்த மாதமோ அடுத்த வருடமோ.

"எல்லாத்தையும் பார்த்துடுங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், அது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை. நோட்டைக் காட்டி, எது எது என்று சொல்லி, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டும்போது

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்று கணக்குப் போடாமல் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். வெப்ப முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் திருப்புங்கள். உள்ளே வெந்தாலும் பரவாயில்லை, இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும், ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை தாங்கும்.

மாதம் முடிந்ததும் டிப்ஸ்டிக்கை மறுபடி உருவிப் பாருங்கள். ஆயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அதற்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். விற்றவர் சொல்லாமல் நீங்களே கண்டுபிடித்த முதல் கணக்கு அது. என் வண்டி மாதம் கால் லிட்டர் குடித்தது. டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா போட்டுக்கொண்டு இன்னும் நான்கு வருடம் ஓட்டினேன்.