டிஎஸ்எல்ஆர் கேமராவில் குறும்படம்: மொரீசியஸில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் இருக்கும் பணத்தையெல்லாம் லென்ஸில் போட்டுவிட்டு, வசனத்தைக் கேமரா மைக்கிலேயே பதிவு செய்வதுதான் பெரிய தவறு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். நம் தீவில் தென்கிழக்குக் காற்று லேசில் ஓயாது. கரும்புத் தோட்டத்து ஓரம் நின்று பேசினால் தோகையின் சலசலப்பே வசனத்தை விழுங்கிவிடும். ஒலி அளவு 'ஆட்டோ'வில் இருந்தால் இன்னும் மோசம்: நடிகர் பேச்சை நிறுத்தும் இடமெல்லாம் கேமரா தானாக அளவை ஏற்றி, காற்றிரைச்சலை மேலே இழுத்துவரும்.

லென்ஸைக் கடன் வாங்கியாவது சமாளியுங்கள். ஒரு சிறிய ரெக்கார்டர், சட்டையில் குத்தும் மைக், அதற்குக் காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் ரோம உறை, இவற்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். ரெக்கார்டரின் ஒலித்தர அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். உரத்த வசனமும் ரெக்கார்டரின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஷாட் தொடங்கும்போது கேமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டுங்கள். கேமரா மைக்கும் ஓடட்டும். அந்தத் தட்டலை வைத்து எடிட்டில் கேமரா ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் எளிதாகப் பொருத்தலாம். கிளம்புமுன் அதே இடத்தின் வெற்று ஒலியை 30 வினாடி பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் ஒலி சட்டென்று அறுந்து விழும்.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்ஈடிகளும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமரா என்டிஎஸ்சி முறையில் (60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான வீடியோ முறை), வினாடிக்கு 30 பிரேம், 1/60 வினாடி ஷட்டரில் இருந்தால் கோயில் மண்டபக் காட்சி முழுக்கப் பட்டைகள் உருளும். மெனுவில் 50 ஹெர்ட்ஸுக்கான பிஏஎல் முறைக்கு மாற்றி, 25 பிரேம், 1/50 வைத்தால் போதும். எடுத்த பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

அந்த 1/50-ஐ வெயிலிலும் விடாதீர்கள். வெளிச்சம் அதிகமென்று 1/1000க்கு ஏற்றினால் காவடியாட்டம் வெட்டி வெட்டி ஓடும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 1/50 என்றால் நேர் வெயிலுக்கு லென்ஸ் துவாரம் எஃப்/22 தேவை (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்). பின்னணி மங்க எஃப்/2.8 வேண்டுமானால் வெளிச்சத்தை 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் அதைப் பாதியாக்கும்) குறைக்கும் என்டி 64 என்ற கருங்கண்ணாடி ஃபில்டர் போடுங்கள். தை மாத நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்பதால் கண்குழி கறுத்துவிடும். முகபாவம் முக்கியமான காட்சிகளைக் காலையிலோ மாலை 4 மணிக்குப் பிறகோ வையுங்கள்.

50 மிமீ லென்ஸை எஃப்/1.8-இல் முழுக்கத் திறப்பதும் வழக்கமான ஆசை. கிராப் சென்சாரில் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்), 1.5 மீட்டர் தூரத்தில், தெளிவாக விழுவது சுமார் 6 செமீ மட்டுமே. நடிகர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் கண் மங்கிவிடும். எஃப்/4 வைத்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

ஏசி காரிலிருந்து இறங்கி, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் உடனே லென்ஸ் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள்.