ஸ்பிரிட் அடுப்பில் கேக்: தீயைக் குறைப்பதுதான் பாதி வேலை

முகாமுக்குக் கையளவு ஸ்பிரிட் அடுப்பை எடுத்துச் செல்பவர்களில் பலர், அதைத் தண்ணீர் கொதிக்க வைக்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதே அடுப்பில் நன்றாக உப்பி வரும் கேக்கும் ரொட்டியும் செய்யலாம். இதற்கு வெப்பம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். தேவைக்கு மேலேயே கிடைக்கும். அதைக் குறைத்து, ஒரே இடத்தில் குவியாமல் பரவவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தீயின் அளவை மாற்றக்கூடிய அடுப்பு முதல் தேவை. சுவீடனின் டிராங்கியா போன்ற பித்தளை அடுப்புகளுடன் தீயைக் குறைக்கும் வளையம் ஒன்றும் வருகிறது. பானக் கேனை வெட்டிச் செய்யும் அடுப்புகள் மிகவும் இலேசானவை, ஆனால் பெரும்பாலும் முழு வேகத்தில்தான் எரியும். தொடக்கநிலையில் அவை வேண்டாம். பாத்திரம் அலுமினியமாக இருக்கட்டும். டைட்டானியம் எடை குறைவு என்றாலும் வெப்பத்தைப் பரவவிடாது; தீ படும் இடம் மட்டும் கருகும். எரிபொருளுக்கு எத்தனால் மிகுந்த ஸ்பிரிட்டை வாங்குங்கள். மெத்தனால் நஞ்சு, அதன் ஆவியும் கெடுதல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கரியைக் கக்கும்.

பாதுகாப்பில் மட்டும் சமரசமே கூடாது. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிபொருளை ஊற்றினால் தீ புட்டிக்குள் பாயும். அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே மீண்டும் நிரப்புங்கள். கூடாரத்துக்குள் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள்; தீ பிடிக்கும் என்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு சேரும் என்பது இன்னொரு பக்கம்.

ஆவியில் தொடங்குங்கள்

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை உள்ளே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. எனவே கேக் கருக வழியே இல்லை. புதியவர்கள் இந்த முறையில் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வீட்டிலேயே 60 கிராம் மைதா, முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து ஒரு பையில் அடைத்துவிடுங்கள். முகாமில் அடுப்பைத் தயார் செய்த பிறகு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சுமார் 60 மில்லி தண்ணீரும் சேர்த்துக் கலக்குங்கள். அடித்துக் கலக்கக் கூடாது. கட்டிகள் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. மாவைப் பிசைய பிசைய கேக் ரப்பராகிவிடும்.

அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். டிராங்கியாவில் இந்த அளவு முழுத் தீயில் சுமார் 25 நிமிடம் எரியும். தீயைக் குறைத்தால் இன்னும் நீடிக்கும். குளிரில் ஸ்பிரிட் எளிதில் பற்றாது. எரிபொருள் புட்டியைச் சிறிது நேரம் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் சரியாகிவிடும்.

பாத்திரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, முழுத் தீயில் கொதிக்க விடுங்கள். சிலிக்கோன் கிண்ணங்களில் பாதிக்குச் சற்று மேல் வரை மாவை ஊற்றி உள்ளே இறக்குங்கள். மூடியை மூடி, கொதி மீண்டும் வந்ததும் வளையத்தை வைத்துத் தீயைக் குறைத்துவிடுங்கள். இதன்பின் காதுதான் வழிகாட்டி. மூடி தடதடவென்று ஆடினால் தீ அதிகம், தண்ணீர் கிண்ணத்துக்குள் தெறிக்கும். சத்தமே இல்லையென்றால் கொதி நின்றுவிட்டது. சீரான, தாழ்ந்த சலசலப்பு கேட்க வேண்டும்.

15 நிமிடம் வரை மூடியைத் திறக்காதீர்கள். பிறகு ஒரு மெல்லிய குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் சில நிமிடம். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் நேரம் கூடும். 3,000 மீட்டரில் கொதிநிலை ஏறத்தாழ 90 டிகிரிதான்.

ஆவியில் வெந்த கேக்கின் மேல்புறம் வெளிறிப்போய், தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அது குறையல்ல. மாவு பொன்னிறமாக 140 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அது தண்ணீரில் கிடைக்காது.

பொன்னிறம் வேண்டுமென்றால்

அடுத்த கட்டம் தண்ணீரே இல்லாத முறை. பெரிய பாத்திரத்தின் அடியில் கம்பி வளையத்தையோ ஒரே உயரமுள்ள மூன்று சிறு கற்களையோ வைத்து, அதன்மேல் மாவிட்ட தட்டையான சிறு அலுமினியத் தட்டை வையுங்கள். இடையில் இருக்கும் காற்று, தீயின் நேரடிச் சூடு மாவைத் தாக்காமல் தடுக்கும். ஆற்றில் கிடக்கும் ஈரக் கற்களை எடுக்க வேண்டாம். சூட்டில் வெடித்துச் சிதறும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரமும் ஆகாது. வெறுமையாகக் காய்ந்தால் பூச்சு சிதைந்து நச்சுப்புகை வரும்.

தொடக்கம் முதலே மிகச் சிறிய தீதான். மேலிருந்து வெப்பம் வராததால், கேக் மாவுக்குப் பதில் சற்றுக் கெட்டியாகப் பிசைந்த ரொட்டி மாவு நன்றாக வரும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள். இங்கே மூக்கை நம்பலாம்: வறுத்த மணம் வந்தால் திருப்பும் நேரம், காரமான நெடி வந்தால் உடனே இறக்கும் நேரம். காற்று வீசினால் தீ ஒரு பக்கம் சாயும்; காற்றுத்தடுப்பு வைத்துவிட்டு, இடையிடையே பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள்.

முடிந்ததும் தீயைக் குறைக்கும் வளையத்தின் துளையை முழுவதும் மூடி, அதை எரிப்பான் மேல் போட்டுத் தீயை அணையுங்கள். எரிப்பானின் திருகு மூடியைச் சூடாக இருக்கும்போது போட்டால் அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம் உருகிவிடும், பிறகு பையெல்லாம் ஸ்பிரிட் கசியும். ஆறிய பிறகு மூடினால், மிச்சமுள்ள ஸ்பிரிட்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.