உண்டியல்ல கை வைக்காதீங்க: குழந்தைக்கு சேமிப்பு பழக்குறப்போ நடக்குற தப்புகள்

குழந்தைக்கு சேமிக்கிற பழக்கம் வரணும்னு ஒரு உண்டியல் வாங்கிக் குடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அதுக்கப்புறம் வீட்ல பெரியவங்க என்ன பண்றாங்கங்கிறதை வெச்சுதான் அந்தப் பழக்கம் ஒட்டுறதும் ஒட்டாததும். இருக்குறதுலயே பெரிய தப்பு, குழந்தை சேர்த்த காசை அவசரத்துக்கு எடுக்குறது. "சில்லறை இல்லடா கண்ணா, அப்புறம் போட்டுடறேன்"னு எடுப்போம், அந்த அப்புறம் வரவே வராது. சில பேர் சொல்லாமலே எடுத்துடுவாங்க, இவனுக்கு எண்ணவா தெரியப் போகுதுன்னு. எண்ணத் தெரியாட்டி என்னங்க, டப்பாவைக் குலுக்குனா சத்தம் மாறியிருக்குன்னு நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

இது எவ்ளோ முக்கியம்னா, அமெரிக்காவுல ரோசெஸ்டர் யுனிவர்சிட்டில செலஸ்ட் கிட்ங்கிற ஆராய்ச்சியாளரோட டீம் இதை ஒட்டி பண்ண ஒரு சோதனை 2013ல வெளிவந்துச்சு. 3லேருந்து 5 வயசு வரைக்கும் 28 குழந்தைங்க. முதல்ல பழைய க்ரேயானைக் குடுத்துட்டு, கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதா கொண்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க, பாதி பேருக்கு சொன்ன மாதிரியே கொண்டு வந்தாங்க, மீதி பேர்கிட்ட சாரி இல்லையாம்னு கையை விரிச்சுட்டாங்க. ஸ்டிக்கரை வெச்சும் அதே கதை. கடைசியா ஒரு மிட்டாயை முன்னாடி வெச்சு, இதை சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தர்றேன்னு சொல்லிட்டு 15 நிமிஷம் வரைக்கும் விட்டாங்க. வாக்கைக் காப்பாத்துன ஆளை நம்பி காத்திருந்த குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் தாக்குப்பிடிச்சாங்க, ஏமாந்த குழந்தைங்க 3 நிமிஷம்தான். அதாவது சொன்னது நடக்காதுன்னு ஒரு தடவை பட்டுட்டா, கையில இருக்குறதை இப்பவே காலி பண்றதுதான் குழந்தை கணக்குல புத்திசாலித்தனம். அதனால நிஜமாவே அவசரம்னா குழந்தைகிட்ட கேட்டு எடுங்க, எவ்ளோ எடுத்தீங்க எப்ப தருவீங்கன்னு ஒரு சீட்டு எழுதி அந்த டப்பாக்குள்ளயே போடுங்க, சொன்ன நாளுக்கு அவன் கண்ணு முன்னாடி திருப்பி வைங்க. விசேஷத்துக்கு சொந்தக்காரங்க குடுத்த பணத்தை "பத்திரமா வெக்கிறேன்"னு வாங்கி அப்படியே மறந்துடறதும் இதே தப்புதான், கொஞ்சம் டீசண்ட்டா இருக்கு, அவ்ளோதான்.

இன்னொண்ணு, "உனக்குப் பொறுமையே இல்ல, செலவாளி"ன்னு முத்திரை குத்துறது. மிட்டாய்க்காக காத்திருந்த குழந்தைதான் பின்னாடி பெரிய ஆளா வரும்னு ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில வால்டர் மிஷெல்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ண பழைய ஆராய்ச்சியைக் காட்டி இப்பவும் ஃபார்வர்டு சுத்திட்டிருக்கு. 2018ல 900க்கு மேல குழந்தைங்களோட தகவலை வெச்சு அதைத் திரும்பப் பார்த்தப்போ, குடும்பச் சூழ்நிலையைக் கணக்குல எடுத்ததும் அந்தத் தொடர்பு ரொம்பவே சுருங்கிடுச்சு. அஞ்சு வயசுல பொறுமை இல்லாததை வெச்சு யாருக்கும் ஜாதகம் எழுத வேண்டாம்.

அடுத்தது குழந்தைக்கு எட்டாத இலக்கு. காலேஜுக்கு சேர்த்து வைன்னு ஒண்ணாங் கிளாஸ் குழந்தைகிட்ட சொன்னா அதுக்கு என்ன புரியும்? அடுத்த வாரமே அதுக்கு ரொம்ப தூரம். ரெண்டு மூணு வாரத்துல கைக்கு வர்ற மாதிரி ஒரு சின்னப் பொருளா இருக்கட்டும், அதோட படத்தை டப்பா மேல ஒட்டிடுங்க, டப்பாவும் மண் உண்டியலா மூடி இருக்குறதை விட உள்ள தெரியுற பாட்டிலா இருந்தா நல்லது, ஏன்னா ஏறுறது கண்ணுக்குத் தெரியணும், நினைச்சப்போ கொட்டி எண்ணவும் முடியணும்.

எண்ணுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சின்னக் குழந்தைகிட்ட அஞ்சு நாணயத்தைக் குடுத்துட்டு அதே மதிப்புக்கு ஒரே நோட்டு தர்றேன் மாத்திக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, பல குழந்தைங்க நாணயத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மாட்டவே மாட்டேன்னு தலையாட்டும், அஞ்சு எப்படி ஒண்ணுக்கு சமம்? இதைப் பார்த்து சிரிச்சு கேலி பண்ணாதீங்க, மதிப்புங்கிறது எண்ணிக்கையும் சைஸும் இல்லைன்னு புரிய வருஷக்கணக்காகும். அதுக்கு கையில காசு புழங்கணும். நாம பண்றதோ கார்டைத் தேய்க்கிறது, போனை நீட்டுறது, டிங்குனு சத்தம் வந்தா பொருள் நம்மளுது. குழந்தை பார்வையில போன்தான் காசு குடுக்குது, அது தீரவே தீராது. சின்னச் சின்ன சாமான் வாங்குறப்போவாவது காசை அவங்க கையாலயே குடுக்க வெச்சு மீதியை எண்ணி வாங்கச் சொல்லுங்க, பின்னாடி க்யூல நிக்கிறவங்க முறைச்சா முறைச்சுட்டுப் போகட்டும்.

மார்க் எடுத்தா காசு, பல்லு தேய்ச்சா காசுன்னு எல்லாத்துக்கும் விலை வெக்காதீங்க. மார்க் லெப்பர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரோட டீம் பண்ணி 1973ல வெளிவந்த சோதனைல, படம் வரையுறதுல தானாவே ஆர்வமா இருந்த குழந்தைங்களுக்கு வரைஞ்சா பரிசுன்னு முன்னாடியே சொல்லி வரைய வெச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா மத்தக் குழந்தைங்க வரையுற நேரத்துல பாதிதான் இவங்க வரைஞ்சாங்க. தன் தட்டை எடுத்து வைக்கிறதெல்லாம் வீட்டு வேலை, சம்பளம் கிடையாது. கார் கழுவுற மாதிரி எக்ஸ்ட்ரா வேலைக்கு வேணா குடுங்க, அது வேற.

பாக்கெட் மணி குடுக்குறதா இருந்தா நாள் தவறாம குடுங்க, கோவம் வந்தா கட் பண்றதும் கொஞ்சினா டபுள் ஆக்குறதும் இருந்தா அவன் கத்துக்கிறது நம்ம மூடைப் படிக்கத்தான். அந்தக் காசுல உருப்படாத பொம்மை ஒண்ணு வாங்கி சாயங்காலமே உடைஞ்சு போச்சுன்னா உடனே இன்னொண்ணு வாங்கித் தராதீங்க, "அப்பவே சொன்னேன்ல"ன்னு லெக்சரும் வேண்டாம். அழட்டும், பக்கத்துல உக்காருங்க, போதும். கேட்டதுக்கெல்லாம் "காசே இல்ல"ன்னு சொல்லிட்டு ராத்திரி நமக்கு ஒரு பார்சல் வந்து இறங்குனா அதையும் அவங்க பார்த்துட்டுத்தான் இருக்காங்க, "இதுக்கு இந்த மாசம் செலவு பண்ணப் போறதில்ல"ன்னு உள்ளதைச் சொல்லிடலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சேர்க்கிறதை மட்டுமே பாராட்டிப் பாராட்டி, சில குழந்தைங்க காசைத் தொடவே விடாது, நினைச்ச பொருளுக்கு வேண்டியது சேர்ந்தும் வாங்காது, கூடப் பொறந்ததுக்கு ஒரு பென்சில் வாங்கக்கூட மனசு வராது. நல்ல பிள்ளைன்னு விட்டுடாதீங்க. இலக்கு வந்துடுச்சா, அன்னைக்கே கூட்டிட்டுப் போய் வாங்க வைங்க, மிச்சம் இருக்குறதுல அடுத்த படத்தை ஒட்டிக்கலாம்.