நெதர் போர்ட்டலைச் சரியான இடத்துக்கு மாற்றுவது, பிறகு அதை அணையாமல் காப்பது

மைன்கிராஃப்ட் விளையாட்டில் வீட்டுப் போர்ட்டலில் (உலகம் மாற்றும் வாசல்) நுழைந்து, நெதர் என்ற நெருப்புலகத்துக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் கிராமத்துப் போர்ட்டலில் நிற்கிறீர்கள். "போர்ட்டல் கெட்டுப்போச்சு" என்று பலர் இரண்டையும் உடைத்துவிட்டு மறுபடி கட்டுவார்கள், மறுபடியும் அதேதான் நடக்கும். போர்ட்டல் கெடவில்லை. எந்தப் போர்ட்டலுக்கும் தன் ஜோடி எது என்ற நினைவே கிடையாது. நீங்கள் நுழையும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு புதிதாகக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு காட்டும் இடத்துக்கு மிக அருகில் எரிந்துகொண்டிருக்கும் போர்ட்டலைத் தேடி உங்களை அங்கே விடுகிறது. இது புரிந்துவிட்டால் இடம் மாற்றும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கணக்கு இதுதான். ஓவர்வேர்ல்டின் (வீடு இருக்கும் சாதாரண உலகம்) X, Z எண்களை, அதாவது தரைமட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்களை, 8-ஆல் வகுத்தால் நெதரின் X, Z வரும். நெதரிலிருந்து திரும்பும்போது 8-ஆல் பெருக்கப்படும். உயரமான Y-ஐ வகுப்பதும் இல்லை, பெருக்குவதும் இல்லை, அப்படியே எடுத்துக்கொள்ளும். விளையாட்டுக்கு ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகள். ஜாவா பதிப்பில் நெதருக்குள் தேடும்போது குறித்த இடத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 16 பிளாக் (விளையாட்டு உலகின் கனசதுரக் கட்டி) வரை பார்க்கும். ஓவர்வேர்ல்டில் 128 பிளாக் வரை பார்க்கும். பெட்ராக் பதிப்பில் இரண்டு உலகத்திலும் 128. அந்த எல்லைக்குள் ஒன்றுமே இல்லையென்றால்தான் புதிதாக ஒரு போர்ட்டலைத் தானே கட்டிக்கொள்ளும். அப்படிக் கட்டும்போது கணக்குப்படி வரவேண்டிய இடத்தில் வசதி இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கேயாவது நகர்த்திக் கட்டிவிடும். எல்லாத் தொல்லையும் ஆரம்பிப்பது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். வீட்டுப் போர்ட்டல் X 403, Y 70, Z -245. நெதரில் விளையாட்டு தானாகக் கட்டிய போர்ட்டல் X 61, Y 68, Z -22-இல் நிற்கிறது. வீட்டின் சரியான நெதர் இடம் என்ன? 403-ஐ 8-ஆல் வகுத்தால் 50.375, ஆக 50. -245-ஐ வகுத்தால் -30.625. கழித்தல் எண்களை எப்போதும் கீழ்ப்பக்கம் முழுமையாக்க வேண்டும், ஆகவே -31. -30 என்று எடுக்கக் கூடாது. ஆக நெதரில் 50, -31 என்பதுதான் சரியான இடம். தானாக வந்த போர்ட்டல் அதிலிருந்து 11 பிளாக் ஒரு பக்கமும் 9 பிளாக் இன்னொரு பக்கமும் தள்ளி நிற்கிறது. நெதரில் இது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் திரும்பும்போது 61 என்பது 488 ஆகிறது, -22 என்பது -176 ஆகிறது. அந்த வட்டாரத்தில் வீட்டுப் போர்ட்டல் மட்டும் இருக்கும்வரை வீட்டுக்கே வருவீர்கள். 500, -170-இல் கிராமத்துக்கு ஒரு போர்ட்டல் கட்டிய அன்றிலிருந்து, வீட்டிலிருந்து போனாலும் கிராமத்தில்தான் வெளியே வருவீர்கள்.

தீர்வு, நெதரில் 50, -31-இல் நீங்களே ஒரு போர்ட்டலைக் கட்டுவது.

முதலில் வீட்டுப் போர்ட்டலுக்குள் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் F3 அழுத்தினால் வரும் 'பிளாக்' வரியில் இருக்கும் முழு எண்கள் போதும். பெட்ராக்கில் உலகத்தின் செட்டிங்கில் கோஆர்டினேட் காட்டும் வசதியை இயக்க வேண்டும். பிறகு பொருட்கள். சட்டத்துக்கு அப்சிடியன் (போர்ட்டல் கட்டும் கருங்கல்) 10 போதும், மூலைகள் நான்கும் தேவையில்லை. ஒரு சிக்கன வழி உண்டு: தானாக உருவான போர்ட்டல் மூலைகளோடு 14 அப்சிடியனில் வரும், அந்த நான்கு மூலைகளைப் பெயர்த்தாலும் போர்ட்டல் அணையாது. வைரப் பிக்காக்ஸில் ஒவ்வொன்றுக்கும் 9 நொடிக்குச் சற்று மேலே பிடிக்கும். மீதி 6-ஐ ஓவர்வேர்ல்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஏனென்றால் நெதரில் தண்ணீர் ஊற்ற முடியாது, லாவாவை அப்சிடியனாக்கவும் வழியில்லை. பாழடைந்த போர்ட்டல்களில் கிடைக்கும் ஊதா நிறத்தில் ஒளிரும் கிரையிங் அப்சிடியன் சட்டத்துக்கு உதவாது. இவற்றோடு ஃப்ளிண்ட் அண்ட் ஸ்டீல் (பற்றவைக்கும் கருவி), காப்பிள்ஸ்டோன் (சாதாரணக் கல்) ஐந்து ஸ்டாக் (ஒரு ஸ்டாக் 64), உணவு, வில் அம்பு, உடம்பில் ஏதாவது ஒரு தங்கக் கவசம். தங்கம் போட்டிருந்தால், நெதரில் திரியும் பன்றிமுகப் பிக்லின்கள் சும்மா இருக்கும்.

குறித்த இடம் திறந்த வெளியில் விழுந்தால் தளம் போட்டுக் கட்டலாம், ஆனால் நெதர்ராக் பாறைக்குள் விழுந்தால்தான் அதிர்ஷ்டம். நான்கு பக்கமும் மறைவு இலவசமாகக் கிடைக்கிறது. தோண்டும்போது கையில் காப்பிள்ஸ்டோன் தயாராக இருக்கட்டும். பாறைக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை லாவா பிளாக்குகள் உண்டு; நெதரில் லாவா ஓவர்வேர்ல்டைவிட வேகமாகவும் தூரமாகவும் பாயும். ஒளிர்வு தெரிந்த உடனே அடைத்துவிடுங்கள். Y 31 வரை லாவாக் கடல் என்பதால் அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

உயரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். X, Z இரண்டும் அச்சாகப் பொருந்தினாலும், வசதி என்று Y 34-இல் கட்டிவிட்டால் வீட்டிலிருந்து நுழைபவருக்கு (Y 70) அந்தப் புதுப் போர்ட்டல் 36 பிளாக் தூரம். பழையதோ 14 பிளாக்தான். விளையாட்டு பழையதையே எடுக்கும். தூரம் மூன்று திசையிலும் அளக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. இந்த எடுத்துக்காட்டில் Y 60-க்கும் 78-க்கும் நடுவில் கட்டினால் பிரச்சினை வராது.

இப்போது வரிசை முக்கியம்: முதலில் புதிய போர்ட்டலைக் கட்டி ஏற்றுங்கள், அதன் வழியாக வீட்டுக்குப் போய்த் திரும்பி வாருங்கள், அதற்குப் பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். பழையதை முதலில் உடைத்துவிட்டு, பற்றவைக்கும் கருவியை லாவாவில் பறிகொடுத்தால் திரும்ப வழியில்லை. சோதிக்கும்போது வந்து இறங்கிய போர்ட்டலிலிருந்து ஒருமுறை வெளியே காலெடுத்து வைத்து, மறுபடி நுழைந்து சுமார் 4 நொடி நில்லுங்கள். வீடு, கிராமம் இரண்டிலிருந்தும் போய்வந்து பார்த்தால்தான் சோதனை முழுமை. கிராமத்துக்கு 62, -22 என்பது கணக்கு. பழைய போர்ட்டல் அதற்கு ஒட்டியே இருப்பதால் அதைக் கிராமத்துக்கு விட்டுவிடலாம். கிராமம் என்று ஒன்று இல்லாதவர்கள் பழையதை அணைத்துவிட வேண்டும்: மூலை அல்லாத ஏதாவது ஓர் அப்சிடியனைப் பெயர்த்தால் போதும்.

வீட்டுக்கு நேர் கீழே சுரங்கத்தில் இன்னொரு போர்ட்டல் வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு Y 70, சுரங்கம் Y -50, X, Z ஒன்றே என்று வையுங்கள். சுரங்கத்தின் நெதர்ப் போர்ட்டலை "நல்ல ஆழத்தில்" Y 15-இல் கட்டினாலும் திரும்பும்போது வீட்டில்தான் வருவீர்கள். 15-இலிருந்து 70 என்பது 55 பிளாக், -50 என்பது அதைவிடத் தூரம். நடுப்புள்ளி Y 10. ஆகவே லாவாக் கடல் மட்டம் பற்றிய மேலே சொன்ன அறிவுரையை இங்கே மீறி, பாறைக்குள் Y 6 அளவுக்கு இறங்க வேண்டும். அது ஆபத்து என்று தோன்றினால் சுரங்கப் போர்ட்டலைப் பக்கவாட்டில் 200 பிளாக் தள்ளி வையுங்கள். அதுவே எளிது.

பெட்ராக்கில் ஆடுபவர்கள் நெதரில் தானாக ஒரு போர்ட்டல் உருவாகும் என்று காத்திருக்கவே வேண்டாம். 128 பிளாக் தேடல் என்றால் ஓவர்வேர்ல்டில் 1024 பிளாக் தள்ளிக் கட்டிய போர்ட்டல்கூட உங்கள் முதல் நெதர்ப் போர்ட்டலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் கையால் ஜோடி கட்டுவதுதான் வழி.

இனி காப்பு

நெதர்ப் பக்கத்தில் முதல் எதிரி, பறந்தபடி தீயுருண்டை வீசும் காஸ்ட். அதன் தீயுருண்டை அப்சிடியனை ஒன்றும் செய்யாது, ஆனால் உள்ளே இருக்கும் ஊதாத் திரையை அணைத்துவிடும். நீங்கள் உள்ளே இருக்கும்போது அணைந்தால் மாட்டிக்கொண்டீர்கள். நெதர்ராக் அந்த வெடிப்பில் உடைந்துபோகும், அதில் பற்றிய தீ அணையாது. காப்பிள்ஸ்டோன் தாங்கும். உள்ளளவு அகலம் 6, ஆழம் 5, உயரம் 5 என்று ஓர் அறை எழுப்பினால் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 242 பிளாக், நான்கு ஸ்டாக்குக்குள் முடிகிறது. பாறைக்குள் தோண்டியிருந்தாலும் இந்த ஓர் அடுக்கை விட்டுவிடாதீர்கள்.

உள்ளே தரைமேல் அரை ஸ்லாபுகளைக் கீழ்ப்பாதியாகப் பரப்புங்கள். சட்டத்தின் அடி நான்கு பிளாக்கைக் கழித்தால் 26 ஸ்லாப் வேண்டும், அதற்கு 15 காப்பிள்ஸ்டோன் போதும். ஐந்தாவது ஸ்டாக் இதற்குத்தான். கீழ்ப்பாதி ஸ்லாபின்மேல் எந்த மிருகமும் தோன்றாது. சட்டத்தின் அடியும் அரை பிளாக் உயரமாகவே தெரிவதால் குதிக்காமல் உள்ளே நடக்கலாம். கதவு இரும்பாக இருக்கட்டும், மரக்கதவைப் பிக்லின்கள் திறந்துவிடும். பொத்தானும் கல்லாகவே இருக்கட்டும், மரப் பொத்தானை அம்பு பட்டாலும் அழுத்திவிடும். வெளியே இரண்டு சோல் டார்ச் (நீலத் தீப்பந்தம்) வைத்தால் பிக்லின்கள் கிட்டே வராது. காட்டுப்பன்றி போன்ற ஹாக்லின்களுக்குப் போர்ட்டலைக் கண்டாலே ஆகாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஓவர்வேர்ல்டு பக்கத்துக்கும் அறை தேவை. போர்ட்டலிலிருந்து ஜாம்பி பிக்லின்கள் அவ்வப்போது தாமாக வெளிவரும், கடினமான நிலையில் எளிய நிலையைவிட மூன்று மடங்கு. பெரிய போர்ட்டல் என்றால் இன்னும் அதிகம். அழகுக்காக 23×23 கட்டுபவர்கள் இதை யோசித்துக் கட்டுங்கள். க்ரீப்பர் ஒன்று அருகில் வெடித்தாலும் திரை அணையும், அதன் வெடிப்பில் காப்பிள்ஸ்டோனும் போகும். ஆகவே சுவரை மட்டும் நம்பாமல் சுற்றிலும் டார்ச் போட்டு இருட்டே இல்லாமல் செய்ய வேண்டும்.

எவ்வளவு செய்தாலும் ஒரு நாள் அணையலாம். நெதர் அறைக்குள் ஒரு செஸ்டில் (பெட்டியில்) ஃப்ளிண்ட் அண்ட் ஸ்டீல் ஒன்று, ஃபயர் சார்ஜ் (இதுவும் பற்றவைக்கும்) இரண்டு, அப்சிடியன் நான்கு, கொஞ்சம் உணவு வைத்துவிடுங்கள். அதைத் திறக்கும்போது கதவு மூடியிருக்கட்டும், பிக்லின் பார்வையில் செஸ்டைத் திறந்தால், அது நீங்களே வைத்ததாக இருந்தாலும், தங்கக் கவசம் போட்டிருந்தாலும் பாய்ந்துவிடும். செஸ்டும் இல்லாமல் மாட்டியவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பிளேஸ் பவுடர், கரி, கன்பவுடர் மூன்றும் சேர்த்தால் மூன்று ஃபயர் சார்ஜ் கிடைக்கும். அதுவும் முடியாதபோது அணைந்த சட்டத்தின் முன்னால் நின்று காஸ்டைச் சுடவிட்டு விலகுங்கள். அணைத்த அதே தீயுருண்டை சட்டத்துக்குள் தீ வைத்தால் போர்ட்டல் மீண்டும் எரியும்.